காகிதக் கரண்டியும் இரும்புக் கரண்டியும்: ஆர்மீனியர் அச்சத்தின் வரலாறு



வரலாறு கற்பிக்கும்போது மாணவர்களிடமிருந்து அடிக்கடி எழும் ஒரு கேள்வி உண்டு. "சண்டை போடும் இரண்டு நாடுகளும் ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் என்ன ஐயா?" என்பதே அது. உடன்பிறந்தாரோடும் வகுப்புத் தோழரோடும் விட்டுக்கொடுத்துப் போகுமாறு சொல்லித் தருபவர்கள் நாமே. ஆகவே, அந்தக் கேள்வியைப் பிள்ளைத்தனமானது என்று தள்ளிவிட முடியாது. ஆயினும், நிலத்தின்மீது நடக்கும் பேரத்தில் விட்டுக்கொடுத்தல் என்பது எவ்வளவு கடினமானது என்பதையும், விட்டுக்கொடுக்காமல் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு என்பதையும் ஒருசேரக் காட்டவல்ல வரலாறு ஒன்று இருக்கிறது. அது ஆர்மீனியரின் வரலாறு.

ஆர்மீனியா நமக்கு முற்றிலும் அந்நியமான பெயரன்று. பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஆர்மீனியன் தெரு இருக்கிறது. சிங்கப்பூரில் 1835ஆம் ஆண்டில் கட்டப்பட்ட ஆர்மீனியத் தேவாலயம் இன்றும் நிற்கிறது. பினாங்கின் ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் தங்கும் விடுதியையும் சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் விடுதியையும் தொடங்கியவர்கள் சார்க்கீஸ் சகோதரர்கள் என்னும் ஆர்மீனியர்கள். சிங்கப்பூரின் தேசிய மலரான வண்டா மிஸ் ஜோக்கிம், ஆக்னஸ் ஜோக்கிம் என்ற ஆர்மீனியப் பெண்மணியின் பெயரைத் தாங்கியது. சென்னையிலும் ஓர் ஆர்மீனியன் தெரு உண்டு. உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழான 'அஸ்தரார்' 1794ஆம் ஆண்டில் சென்னையில்தான் வெளிவந்தது. சென்னை வணிகரான ஷாஹாமீர் ஷாஹாமீரியன், இல்லாத ஒரு சுதந்திர ஆர்மீனியாவுக்காக அரசமைப்புச் சட்டம் ஒன்றை வரைந்து, 18ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் அதே நகரில் அச்சிட்டு வெளியிட்டார். நாடில்லாத மக்கள், நம் தமிழ் மண்ணில் அமர்ந்து தங்கள் நாட்டுக்குச் சட்டம் எழுதினார்கள் என்பது எண்ணி வியக்கத்தக்கது.

இவர்கள் ஏன் சென்னைக்கும் பினாங்குக்கும் வந்தார்கள்? வரலாறு அங்கிருந்தே தொடங்குகிறது.

பேரரசுகளின் நடுவே

ஆர்மீனியா ஒரு மலைநாடு. இன்றைய ஆர்மீனியக் குடியரசின் பரப்பு ஏறத்தாழ 29,700 சதுர கிலோமீட்டர். நமது பகாங் மாநிலத்தைவிடச் சிறியது. மேற்கே துருக்கி, தெற்கே ஈரான், கிழக்கே அஜர்பைஜான், வடக்கே ஜார்ஜியா. ஜார்ஜியாவுக்கு அப்பால் ரஷ்யா. கடற்கரை கிடையாது. பல நூற்றாண்டுகளாக ஒட்டோமான் பேரரசும் பாரசீகப் பேரரசும் பின்னர் ரஷ்யப் பேரரசும் இந்த மலைகளின்மீது மோதிக்கொண்டன. யானையும் யானையும் போரிட்டால் இடையில் அகப்பட்ட சருகுமான் சாகும் என்று நம் நாட்டு மலாய்ப் பழமொழி ஒன்று சொல்லும். ஆர்மீனியரின் நிலைமையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது.

அராக்ஸ் ஆற்றங்கரையில் ஜூல்பா என்ற செழிப்பான வணிக நகரம் இருந்தது. 1604ஆம் ஆண்டில் ஒட்டோமான் படை நெருங்கி வந்தபோது, பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் அந்த நகரத்தின் ஆர்மீனியக் குடிகள் அனைவரையும் பெயர்த்துத் தம் தலைநகரான இஸ்பஹானுக்குக் கொண்டுசென்றார். எதிரிக்குப் பயன்படாதபடி நாட்டைப் பாழாக்குவது அவருடைய போர்த்தந்திரம். இஸ்பஹானில் 'புதிய ஜூல்பா' உருவாயிற்று. சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் பினாங்குக்கும் வந்த ஆர்மீனிய வணிகர்களுள் பலரின் வேர் இந்தப் புதிய ஜூல்பாவில்தான் இருக்கிறது. சார்க்கீஸ் சகோதரர்களும் அங்கிருந்து வந்தவர்களே. ஆக, பினாங்குத் தெருவொன்றின் பெயர்ப்பலகைக்குப் பின்னால், இரு பேரரசுகளின் போட்டியும், அதற்காக இடம்பெயர்க்கப்பட்ட ஒரு நகரமும் நிற்கின்றன.

பெர்லினில் ஒரு காகிதக் கரண்டி

1877-78இல் ரஷ்யாவும் ஒட்டோமான் பேரரசும் போரிட்டன. ரஷ்யா வென்றது. 1878 மார்ச்சு மாதம் கையெழுத்தான சான் ஸ்டெஃபானோ உடன்படிக்கையின் 16ஆம் பிரிவு, ஆர்மீனியர் வாழும் மாவட்டங்களில் சீர்திருத்தங்கள் செய்யப்பட வேண்டும் என்றது. ரஷ்யப் படை அங்கு இருக்கும்போதே அவை நடைபெறும் என்ற நம்பிக்கையும் அதில் இருந்தது. ரஷ்யாவின் வளர்ச்சியைக் கண்டு அஞ்சிய பிரிட்டன் முதலிய வல்லரசுகள், அதே ஆண்டின் நடுவில் பெர்லினில் மாநாடு கூட்டி அந்த உடன்படிக்கையைத் திருத்தின. 16ஆம் பிரிவின் இடத்தில் 61ஆம் பிரிவு வந்தது. சீர்திருத்த வாக்குறுதி எஞ்சியது. அதை நிறைவேற்றவல்ல படை வெளியேறியது.

அந்த மாநாட்டுக்கு ஆர்மீனியத் தூதுக்குழுவைத் தலைமையேற்று அழைத்துச் சென்றவர் மக்ரித்திச் கிரிமியன் என்ற சமயத் தலைவர். மக்கள் அவரை அன்புடன் 'ஹைரிக்', அதாவது 'அப்பா' என்று அழைத்தனர். மாநாட்டு மண்டபத்தில் அவருக்கு இருக்கை கிடைக்கவில்லை. நாடு திரும்பியபின் அவர் ஆற்றிய பிரசங்கத்தை ஆர்மீனியப் பிள்ளைகள் இன்றும் அறிவார்கள். அதன் சாரம் இதுதான்: பெர்லினில் ஒரு பெரிய கொப்பரை நிறைய 'ஹரிசா' என்னும் கூழ் வைக்கப்பட்டிருந்தது. பல்கேரியர், செர்பியர், மொண்டெனேகுரோ மக்கள் முதலியோர் இரும்புக் கரண்டிகளோடு வந்து தங்கள் பங்கை அள்ளிச் சென்றனர். ஆர்மீனியரிடம் இருந்ததோ மனுவாக எழுதப்பட்ட காகிதம் மட்டுமே. அந்தக் காகிதக் கரண்டியைக் கொப்பரையில் விட்டபோது அது நனைந்து கரைந்துபோயிற்று. வெறுங்கையோடு திரும்பினோம் என்றார் கிரிமியன்.

ஆர்மீனிய அரசியலின் பெரும்பகுதியை இந்த ஓர் உவமையைக் கொண்டே விளக்கிவிடலாம். பிறர் எழுதித் தரும் உறுதிமொழியின்மீது அவர்களுக்கு ஏன் நம்பிக்கை பிறப்பதில்லை என்பதற்கு, அடுத்த 45 ஆண்டுகளும் மேலும் மேலும் காரணங்களைச் சேர்த்தன.

கரைந்துபோன காகிதங்கள்

1915ஆம் ஆண்டு தொடங்கி ஒட்டோமான் அரசு தன் ஆர்மீனியக் குடிகளைப் பெருந்திரளாகக் கொன்றும், சிரியப் பாலைவனத்தை நோக்கி நடத்தியும் அழித்தது. இறந்தோர் தொகை பத்து இலட்சத்துக்கும் பதினைந்து இலட்சத்துக்கும் இடைப்பட்டது என்பது ஆய்வாளர் பலரின் மதிப்பீடு. வரலாற்றறிஞரும் பல நாட்டு நாடாளுமன்றங்களும் இதனை இனப்படுகொலை என்கின்றனர். துருக்கி அரசு அச்சொல்லை ஏற்பதில்லை.

எஞ்சியவர்கள் 1918 மே 28இல் ஒரு சிறு குடியரசை அமைத்தனர். 1920 ஆகஸ்டு 10இல் கையெழுத்தான செவ்ர் உடன்படிக்கை அவர்களுக்கு ஒரு விரிந்த நாட்டை வாக்களித்தது. எல்லையை வரையறுக்கும் பொறுப்பு அமெரிக்க அதிபர் வுட்ரோ வில்சனிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் 1920 நவம்பர் 22இல் தம் தீர்ப்பில் கையெழுத்திட்டார். வான், பிட்லிஸ், எர்சுரும், டிரெபிசோண்ட் பகுதிகள் பலவற்றை அது ஆர்மீனியாவுக்கு வழங்கியது. ஆனால், அதற்கு முன்பே முஸ்தபா கெமாலின் தலைமையை ஏற்ற துருக்கியத் தேசியப் படை கார்ஸ் நகரைக் கைப்பற்றி, அலெக்ஸாண்ட்ரோபோல் நகருக்குள்ளும் நுழைந்துவிட்டது! ஆர்மீனியாவின் காப்பாளராக அமெரிக்கா இருக்க வேண்டும் என்ற கோரிக்கையை அமெரிக்க மேலவை அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே மறுத்திருந்தது. வரைபடத்தில் பெரிய நாடு, நிலத்தில் எதுவுமில்லை.

1920 டிசம்பரில் ஆர்மீனியா சோவியத் ஆட்சியின்கீழ் வந்தது. 1921 மார்ச்சு 16இல் மாஸ்கோவில் சோவியத் ரஷ்யாவும் துருக்கியத் தேசிய அரசும் எல்லையைப் பேசி முடித்தன. அந்த மேசையில் ஆர்மீனியா இல்லை. அதே ஏற்பாட்டை அக்டோபர் 13இல் கார்ஸ் உடன்படிக்கை உறுதிசெய்தது. கார்ஸ் நகரும், பழந்தலைநகரான ஆனியும், அராரத் மலையும் துருக்கியிடம் சென்றன. பழைய ஜூல்பா இருந்த நகிச்சேவன் பகுதி அஜர்பைஜானின் பாதுகாப்பில் வைக்கப்பட்டது. தலைநகர் எரெவானின் வீதிகளில் நின்று பார்த்தால் அராரத் மலை கண்முன்னே ஓங்கி நிற்கும். ஆனால், மலை இருப்பது வேற்று நாட்டில்.

அடுத்து கராபாக். 1921 ஜூலை 4இல் ரஷ்யக் கம்யூனிஸ்டுக் கட்சியின் காக்கசஸ் குழு, ஆர்மீனியர் பெரும்பான்மையாக வாழ்ந்த மலைக் கராபாக்கை ஆர்மீனியாவோடு சேர்க்க முடிவெடுத்தது. மறுநாளே, ஜூலை 5இல், அந்த முடிவு மாற்றப்பட்டு அது அஜர்பைஜானுக்குள்ளேயே தன்னாட்சிப் பகுதியாக இருக்கும் என்றாயிற்று. ஒரே இரவில் ஒரு நிலத்தின் தலைவிதி மாறியது. அங்கு வாழ்ந்தவர்களை எவரும் கேட்கவில்லை.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது என்பர். ஆர்மீனியரின் அச்சத்தை வெறும் பிடிவாதம் என்று கூறுவோர் மேற்கண்ட ஆண்டுகளைத் தொகுத்துப் பார்க்க வேண்டும்.

இரும்புக் கரண்டி கைக்கு வந்த காலம்

1988 பிப்ரவரி 20இல், கராபாக் தன்னாட்சிப் பகுதியின் மன்றம் ஆர்மீனியாவோடு இணைய விரும்புவதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. சில நாள்களிலேயே அஜர்பைஜானின் சும்காயித் நகரில் ஆர்மீனியர்கள் கும்பலால் கொல்லப்பட்டனர். அதன்பின் இரு நாடுகளிலும் சிறுபான்மையினர் அஞ்சி ஓடத் தொடங்கினர். 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தது. பூசல் முழுப் போராக மாறியது.

போரில் ஆர்மீனியத் தரப்பு வென்றது. கராபாக்கை மட்டுமன்றி, அதைச் சூழ்ந்திருந்த ஏழு அஜர்பைஜான் மாவட்டங்களை முழுமையாகவோ பகுதியாகவோ அது கைப்பற்றியது. 1994 மே 12இல் போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்தபோது, மாண்டோர் தொகை ஏறத்தாழ 30,000. இரு தரப்பிலும் சேர்த்து ஏறக்குறைய பத்து இலட்சம் பேர் வீடிழந்திருந்தனர்.

இந்த இடத்தில் ஆசிரியர்கள் நிதானிக்க வேண்டும். ஆர்மீனியரின் துயரத்தைச் சொல்லி அஜர்பைஜானியரின் துயரத்தை விட்டுவிட்டால் அது வரலாறு ஆகாது. 1992 பிப்ரவரியில் கோஜாலியில் நூற்றுக்கணக்கான அஜர்பைஜானியப் பொதுமக்கள் தப்பியோடும்போது கொல்லப்பட்டனர். அந்த மாவட்டங்களிலிருந்து விரட்டப்பட்டோர் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர். அக்தாம் என்ற நகரம் சுவர்களாக மட்டும் எஞ்சியது. 1993இல் ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு மன்றம், கைப்பற்றிய பகுதிகளிலிருந்து படைகள் விலக வேண்டும் என்று நான்கு தீர்மானங்களை நிறைவேற்றியது. இழந்தவர்கள் மறக்கவில்லை. ஆர்மீனியருக்கு 1915 எப்படியோ, அப்படியே அஜர்பைஜானியருக்கு 1993.

ஆர்மீனியரின் கையில் இப்போது இரும்புக் கரண்டி இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

1997: ஓர் அதிபரின் கேள்வி

சுதந்திர ஆர்மீனியாவின் முதல் அதிபர் லெவோன் டெர்-பெட்ரோசியான். அலெப்போ நகரில் பிறந்தவர். பழஞ்சுவடிகளை ஆராய்ந்த மொழியறிஞர். 1988ஆம் ஆண்டின் கராபாக் இயக்கத்தை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவர். போரில் நாட்டை வெற்றிபெறச் செய்தவரும் அவரே. ஆகவே, அவருடைய நாட்டுப்பற்றை எவரும் ஐயுற இடமில்லை.

1997ஆம் ஆண்டில் ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்பின் மின்ஸ்க் குழு, அதாவது ரஷ்யா, அமெரிக்கா, பிரான்ஸ் ஆகிய மூன்றின் தலைமையிலான நடுவர் குழு, படிப்படியான தீர்வு ஒன்றை முன்வைத்தது. முதலில், கராபாக்குக்கு வெளியே உள்ள மாவட்டங்களைத் திருப்பித் தருவது. லாச்சின் வழித்தடத்தையும் கராபாக்கின் இறுதி நிலையையும் பின்னர்ப் பேசுவது. இதை ஒரு தொடக்கமாக ஏற்கலாம் என்றார் டெர்-பெட்ரோசியான். அவ்வாண்டு நவம்பரில், போரா சமாதானமா என்று கேட்டு நாளிதழில் ஒரு நீண்ட கட்டுரையும் எழுதினார். அவருடைய வாதத்தைச் சுருங்கக் கூறின்: இன்றைய நிலைமையை என்றென்றும் காத்துவைக்க உலகம் விடாது, அடைபட்ட எல்லைகளோடு நாடு வளராது, காலம் நம் பக்கம் இல்லை, வலிமையோடு இருக்கும்போதே விட்டுக்கொடுக்க வேண்டும், இன்று மறுப்பதை நாளை நாமே கேட்டாலும் கிடைக்காது.

எதிர்த்தவர்கள் சாமானியர் அல்லர். பிரதமர் ராபர்ட் கோச்சாரியான், பாதுகாப்பு அமைச்சர் வாஸ்கென் சார்க்சியான், உள்துறையைக் கவனித்த செர்ஜ் சார்க்சியான் ஆகியோர் ஒன்றுசேர்ந்தனர். அவர்களுடைய வாதமும் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. அந்த மாவட்டங்கள்தாம் கராபாக்கைச் சூழ்ந்த அரண். அரணை முதலில் தந்துவிட்டு, உயிருக்கான உத்தரவாதத்தைப் பின்னர்ப் பேசுவது எவ்வாறு? மீண்டும் ஒரு காகிதக் கரண்டியா? 1878ஐயும் 1920ஐயும் மனத்தில் சுமக்கும் மக்களிடம் இந்தக் கேள்வி எளிதாக எடுபட்டது. 1998 பிப்ரவரி 3இல் டெர்-பெட்ரோசியான் பதவி விலகினார். கோச்சாரியான் அதிபரானார்.

அதன்பிறகும் பேச்சுகள் நின்றுவிடவில்லை. 2001இல் அமெரிக்காவின் கீ வெஸ்டில் இரு அதிபர்களும் சந்தித்தனர். 2007இல் மாட்ரிட் கோட்பாடுகள் முன்வைக்கப்பட்டன. ஒவ்வொரு முறையும் ஏதேனும் ஒரு தலைநகரில் அஞ்சி நின்றுவிட்டனர். ஆண்டுகள் ஓடின. தற்காலிகமாகப் பிடித்த மாவட்டங்கள், பேரத்துக்குரியவை என்ற நினைப்பே மறைந்து, 'விடுவிக்கப்பட்ட நிலம்' என்ற பெயர் பெற்றன. 2019 ஆகஸ்டில் பிரதமர் நிக்கோல் பஷின்யான், கராபாக் ஆர்மீனியாவே என்று பொதுக்கூட்டத்தில் முழங்கினார். கூடியிருந்த மக்கள் மகிழ்ந்தனர். பாக்குவில் வேறு விதமான கணக்கு நடந்துகொண்டிருந்தது.

சுற்றியுள்ள வல்லரசுகளின் கணக்கு

அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள எண்ணெய்க் குழாயைப் பார்க்க வேண்டும். காஸ்பியன் கடலின் எண்ணெயைத் துருக்கியின் ஜெய்ஹான் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்லும் குழாய், ஜார்ஜியா வழியாகச் சுற்றிச் சென்று 2006இல் இயங்கத் தொடங்கியது. ஆர்மீனியாவைத் தவிர்த்தே அது போடப்பட்டது. 2011ஆம் ஆண்டளவில், அஜர்பைஜானின் படைச்செலவு மட்டுமே ஆர்மீனிய அரசின் முழு வரவு செலவுத் திட்டத்தை விஞ்சி நின்றது.

துருக்கி 1993இல் ஆர்மீனிய எல்லையை மூடிவிட்டது. 2009 அக்டோபரில் சூரிக் நகரில் இரு நாடுகளும் உறவை மீட்க உடன்பாடுகளில் கையெழுத்திட்டன. இரு நாடாளுமன்றங்களிலும் அவை நிறைவேறவில்லை. 2018இல் ஆர்மீனியா அவற்றை ரத்து செய்தது. எஞ்சியது ரஷ்யா. கியும்ரி நகரில் ரஷ்யப் படைத்தளம். ரஷ்யத் தலைமையிலான கூட்டுப் பாதுகாப்பு அமைப்பில் உறுப்பியம். ஆனால், அதே ரஷ்யா அஜர்பைஜானுக்கும் ஆயுதம் விற்றது. பாதுகாவலர் ஒருவர் மட்டுமே என்னும்போது, அவருடைய விருப்பத்துக்கு எல்லை போட முடியாது. ஆர்மீனியரின் இரும்புக் கரண்டிக்கு ஓர் இரவல் கைப்பிடி இருந்தது. அதை அவர்கள் உணர நெடுங்காலம் ஆயிற்று.

2020 முதல் 2023 வரை

2020 செப்டம்பர் 27இல் அஜர்பைஜான் போரைத் தொடங்கியது. துருக்கி வெளிப்படையாக ஆதரித்தது. துருக்கியினதும் இஸ்ரேலினதும் ஆளில்லா விமானங்கள் ஆர்மீனியப் பீரங்கிகளைத் தேடித் தேடி அழித்தன. 44 நாள்களில் இரு தரப்பிலும் சேர்த்து 6,000க்கும் மேற்பட்ட வீரர்கள் மாண்டனர். மலையுச்சி நகரமான சுஷி வீழ்ந்தபின், நவம்பர் 10இல் ரஷ்யாவின் நடுவுநிலையில் போர் நின்றது. 1997இல் எந்த மாவட்டங்களைப் பேச்சுவார்த்தையில் தர மறுத்தார்களோ, அவை அனைத்தும் கைவிட்டுப் போயின. அவற்றோடு கராபாக்கின் ஒரு பகுதியும் போயிற்று. பதிலுக்குக் கிடைத்தது, 1,960 ரஷ்ய அமைதிப்படை வீரர்களும் ஐந்தாண்டு உறுதியும்.

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்தது. அதன் கவனம் திசைமாறியது. அவ்வாண்டு டிசம்பர் 12 முதல் லாச்சின் சாலை அடைபட்டது. ஒன்பது மாதங்கள் உணவும் மருந்தும் எரிபொருளும் குறைந்து கராபாக் மக்கள் வாடினர். 2023 செப்டம்பர் 19இல் அஜர்பைஜான் படை முன்னேறியது; மறுநாளே கராபாக் சரணடைந்தது. அடுத்த சில நாள்களில் 1,00,000க்கும் மேற்பட்ட ஆர்மீனியர்கள், ஏறத்தாழ ஒட்டுமொத்த மக்களும், வாகனங்களில் ஏற்றக்கூடியதை ஏற்றிக்கொண்டு ஆர்மீனியாவுக்கு வெளியேறினர். ரஷ்ய வீரர்கள் பார்த்துக்கொண்டிருந்தனர். 2024 ஜனவரி 1 முதல் கராபாக் குடியரசு என்பது இல்லாதொழிந்தது.

இன்னும் எதைத் தருவது?

போர் முடிந்தும் அச்சம் முடியவில்லை. 2024 மே மாதம், சோவியத் காலத்தில் அஜர்பைஜானுக்கு உரியதாக இருந்த நான்கு எல்லைச் சிற்றூர்களின் நிலத்தை ஆர்மீனியா திருப்பிக் கொடுத்தது. பேராயர் பக்ரத் கல்ஸ்தானியான் தலைமையில் மக்கள் எரெவானை நோக்கி நடந்து எதிர்ப்புத் தெரிவித்தனர். சட்டப்படி அவை யாருடையவை என்பதைவிட, "இன்று இது; நாளை எது?" என்ற கேள்வியே அவர்களை வீதிக்குக் கொண்டுவந்தது.

அந்த 'நாளை'க்கு ஒரு பெயர் உண்டு: சியூனிக். ஆர்மீனியாவின் தென்கோடி மாநிலம். அஜர்பைஜானின் பெருநிலத்துக்கும் நகிச்சேவனுக்கும் நடுவே அது கிடக்கிறது. ஈரானோடு ஆர்மீனியாவை இணைப்பதும் அதுவே. அதன் ஊடாக ஒரு வழி வேண்டும் என்று அஜர்பைஜானும் துருக்கியும் கேட்டன. தன் வடக்கு எல்லை அறுந்துவிடும் என்று ஈரான் அஞ்சியது. வழியைத் தாமே காவல் காக்க ரஷ்யர் விரும்பினர். 2025 ஆகஸ்டு 8இல் வாஷிங்டனில், பஷின்யானும் அஜர்பைஜான் அதிபர் இல்ஹாம் அலியேவும் அமெரிக்க அதிபர் டிரம்பின் முன்னிலையில் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டனர். இரு நாட்டு வெளியுறவு அமைச்சர்களும் சமாதான உடன்படிக்கையின் வரைவில் சுருக்கொப்பமிட்டனர். சுமார் 43 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த வழிக்கு டிரம்பின் பெயரே சூட்டப்பட்டது. அது ஆர்மீனியச் சட்டத்துக்கு உட்பட்டே இயங்கும் என்பது உடன்பாடு.

ஒரு சாரார் இதனைப் பெரும் விடுதலையாகக் கருதினர். அடைபட்ட எல்லை திறக்கும். ஒரே பாதுகாவலரை நம்பியிருக்கும் நிலை நீங்கும். கிடைத்த நிலத்தில் உறுதியான நாட்டைக் கட்டலாம் என்பது அவர்கள் கருத்து. மறு சாரார், கராபாக்கிலிருந்து வந்தோர் திரும்புவது பற்றி உறுதி இல்லையே, பாக்குவில் அடைபட்ட கைதிகளின் விடுதலைக்கு வழி கூறப்படவில்லையே என்று கேட்டனர். மேலும், ஆர்மீனியா தன் அரசமைப்புச் சட்டத்தையே திருத்த வேண்டும் என்பது அஜர்பைஜானின் நிபந்தனை. அச்சட்டத்தின் முகவுரை சுட்டும் 1990ஆம் ஆண்டுச் சுதந்திரப் பிரகடனம், கராபாக் இணைப்பைக் கூறும் முந்தைய ஆவணம் ஒன்றை அடியொற்றியது என்பதே காரணம். சென்னையில் அமர்ந்து இல்லாத நாட்டுக்குச் சட்டம் எழுதிய ஷாஹாமீரியனின் வழித்தோன்றல்களுக்கு, இருக்கும் நாட்டின் சட்டத்தைப் பிறர் சொல்லித் திருத்துவது எவ்வாறு கசக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2025 செப்டம்பரில், எல்லையில் கடப்பிதழ்களில் இடப்படும் முத்திரையிலிருந்து அராரத் மலையின் உருவத்தை நீக்க ஆர்மீனிய அரசு முடிவெடுத்தது. அரசுக்கு அது நடைமுறை அறிவு. பலருக்கு அது நெஞ்சில் ஒரு கீறல்.

பழைய ஜூல்பாவின் கதை என்னவாயிற்று என்று நீங்கள் கேட்கலாம். ஷா அப்பாஸ் மக்களைப் பெயர்த்தபின்னும், அங்கிருந்த இடுகாட்டில் ஆயிரக்கணக்கான சிற்பச் சிலுவைக் கற்கள் நின்றிருந்தன. 2005 டிசம்பரில், அஜர்பைஜான் வீரர்கள் எஞ்சியிருந்த கற்களையும் உடைப்பதை ஈரான் கரையிலிருந்து எடுக்கப்பட்ட ஒளிப்படக் காட்சி காட்டியது. அஜர்பைஜான் அரசு அதை மறுத்துவந்தது. செயற்கைக்கோள் படங்களில் அந்த இடம் இன்று வெறும் திடல். நிலம் கைமாறினால் நினைவுச் சின்னமும் மிஞ்சாது என்ற அச்சம் ஆர்மீனியருக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

மாணவர்களிடம் என்ன சொல்வது?

"விட்டுக்கொடுத்தால் என்ன?" என்ற கேள்விக்கு நான் மூன்று செய்திகளைச் சொல்வேன்.

முதலாவது, ஒருவர் விட்டுக்கொடுக்க அஞ்சுகிறார் என்றால், அவர் முன்பு எப்படி ஏமாற்றப்பட்டார் என்று கேட்க வேண்டும். அச்சத்துக்கு வரலாறு உண்டு.

இரண்டாவது, எதிரில் இருப்பவருக்கும் அத்தகைய வரலாறு உண்டு. அக்தாமில் வீடிழந்த அஜர்பைஜானியத் தாயின் கண்ணீரும் ஸ்டெபானகெர்ட்டில் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பிய ஆர்மீனியத் தாயின் கண்ணீரும் ஒரே உப்புக்கரிப்புத்தான்.

மூன்றாவது, விட்டுக்கொடுக்கும் காலம் மிக முக்கியம். வலியவன் கொடுத்தால் அது பேரம். மெலிந்தபின் கொடுத்தால் அது இழப்பு. 1997இல் டெர்-பெட்ரோசியானின் சொல் கேட்கப்பட்டிருந்தால் கராபாக் மக்கள் இன்றும் தங்கள் ஊரில் இருந்திருப்பார்களா? உறுதியாகக் கூற இயலாது. எதிர்த்தரப்பு வாக்கைக் காத்திருக்கும் என்பதற்கு எவர் பொறுப்பேற்க முடியும்? ஆனால், அன்று பேசுவதற்கு அவர்கள் கையில் ஏதோ இருந்தது. 2023இல் எதுவும் இல்லை. இது மட்டும் உறுதி.

கிரிமியன் ஹைரிக் காகிதக் கரண்டியின் கதையைத் தம் மக்களுக்குச் சொன்னார். இரும்புக் கரண்டியும் துருப்பிடிக்கும் என்ற பிற்பகுதியை அவருக்குப் பின்வந்த நூற்றாண்டு எழுதியிருக்கிறது. இரண்டையும் சேர்த்தே நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. அடுத்த முறை பினாங்குக்குக் குடும்பத்தோடு செல்வோர், ஆர்மீனியன் தெருவில் சுவரோவியங்களின்முன் படம் எடுத்துக்கொண்ட கையோடு, அந்தப் பெயரைச் சுட்டிக்காட்டிப் பிள்ளைகளுக்கு இக்கதையையும் கூறுவீர்களாக.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியன்